வாரம் 20 மணி நேரம்தான் வேலை! மீறினால் விசா போச்சு!
வெளிநாட்டுப் படிப்பும் கூடுவாஞ்சேரி அப்பாக்களின் கணக்கும்

கூடுவாஞ்சேரி -

"பார்ட்-டைம் வேலை பார்த்தே பையன் பீஸ் கட்டிடுவான் சார். கடனையும் அவனே அடைச்சிடுவான்!"

கூடுவாஞ்சேரி பக்கம் இப்போது இதுதான் பேச்சு. நந்திவரத்தில் இந்தப் பேச்சு. ஊரப்பாக்கத்தில் இந்தப் பேச்சு. செங்கல்பட்டு மின்சார ரெயிலில் உட்கார இடம் கிடைத்தால் அங்கேயும் இந்தப் பேச்சு!

காரணம் இருக்கிறது. பொத்தேரி, வண்டலூர், கேளம்பாக்கம் ரோடு என்று சுற்றிலும் காலேஜ்கள். தெருவுக்குப் பத்து பேர் பி.இ. முடித்திருக்கிறார்கள். படிப்புக்கு ஏற்ற வேலை எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. "எம்.எஸ். படிக்கப் போறேன்பா" என்கிறது பிள்ளை. அப்பா வீட்டுப் பத்திரத்தை எடுக்கிறார். அம்மா வளையலைக் கழற்றுகிறார்.

அந்தப் பார்ட்-டைம் வேலைக்குச் சட்டம் என்ன? எத்தனை மணி நேரம் செய்யலாம்? கூலி எதற்குக் காணும்?

இதை விசாரித்துவிட்டுப் பத்திரத்தை எடுப்பவர்கள் குறைவு. விவரம் வருமாறு:-

நாட்டுக்கு ஒரு கணக்கு

முதலில் இங்கிலாந்து. பட்டப் படிப்பு மாணவர்கள், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். பட்டத்துக்குக் கீழான படிப்பு என்றால் 10 மணி நேரம்தான்.

வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. "இந்த வாரம் 10, அடுத்த வாரம் 30, சரியாப் போச்சு" என்று சொல்ல முடியாது. 30 மணி வேலை பார்த்த வாரம் குற்றம்தான். இரண்டு கடையில் வேலை பார்த்தாலும் இரண்டையும் கூட்டித்தான் 20.

லீவில் முழு நேரம் உழைக்கலாம் என்பது உண்மை. ஆனால் அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஓராண்டு எம்.எஸ்.சி. படிப்பவருக்குக் கோடை மாதங்கள் பொதுவாக லீவு அல்ல. அது ஆய்வறிக்கை எழுதும் காலம். ஊரே லீவில் இருந்தாலும் அவருக்கு 20 மணி நேரம்தான்!

இன்னொன்று. சொந்தத் தொழில் கூடவே கூடாது. சைக்கிளில் போய் வீட்டுக்கு வீடு சாப்பாடு கொடுக்கும் வேலையில் பெரும்பகுதி அங்கே "சொந்தத் தொழில்" கணக்கில்தான் வருகிறது. அடுத்தவர் பெயரில் உள்ள கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. பிடிபட்டால் தப்பிக்க வழி இல்லை.

கனடாவில் 2022 நவம்பர் 15-ந்தேதி இந்த வரம்பைத் தற்காலிகமாக எடுத்தார்கள். தொழிலாளர் பற்றாக்குறைதான் காரணம். "கனடாவில் எவ்வளவு வேணா வேலை செய்யலாம்" என்ற பேச்சு இங்கே பரவியது அப்போதுதான். அந்தச் சலுகை 2024 ஏப்ரல் 30-ந்தேதியோடு முடிந்தது. அதே ஆண்டு நவம்பர் 8-ந்தேதி முதல், கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் என்று விதி வந்தது. சலுகை போனாலும் பேச்சு மட்டும் போகவில்லை. பழைய சலுகையைச் சொல்லி ஆள் பிடிக்கும் ஏஜெண்டு இருந்தால் எச்சரிக்கை!

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1-ந்தேதி முதல் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எந்தத் திங்கட்கிழமையில் இருந்து 14 நாள் எண்ணினாலும் 48-ஐத் தாண்டக் கூடாது. முதல் வாரம் 30, இரண்டாம் வாரம் 18. மொத்தம் 48, சரி. மூன்றாம் வாரம் 31 மணி நேரம் போனால்? இரண்டாம் வாரத்தோடு கூட்டினால் 49. மாட்டிக்கொண்டார்!

ஜெர்மனி ஆண்டுக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் என்று 2024 மார்ச்சில் உயர்த்தியது.

அமெரிக்காதான் கடுமை. கல்லூரி வளாகத்துக்கு உள்ளேதான் வேலை: நூலகம், சாப்பாட்டுக் கூடம், ஆய்வுக்கூடம் இப்படி. அதுவும் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம். முதல் கல்வி ஆண்டில் வெளியே வேலை பார்க்க அனுமதி கிடைப்பது அரிதிலும் அரிது. பெட்ரோல் பங்கில் நிற்பது, ஓட்டலில் பாத்திரம் கழுவுவது எல்லாம் மாணவர் விசாவில் சட்ட விரோதம்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால்...

சட்டத்தை மதித்து நடக்கிற பையனுக்கு என்ன கிடைக்கும்? இங்கிலாந்தின் 2025-ம் ஆண்டுக் கணக்கையே எடுப்போம்.

அந்த ஆண்டு ஏப்ரலில் 21 வயது ஆனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். 20 மணி நேரத்துக்கு 244 பவுண்டு. மாதத்துக்கு 1,058 பவுண்டு.

"அடேயப்பா, லட்ச ரூபாய்க்கு மேலாச்சே!" என்று தோன்றும். செலவையும் பாருங்கள். விசா கேட்கும்போது சாப்பாடு, வாடகைக்கு மாதம் எவ்வளவு காட்ட வேண்டும் என்று அந்த அரசாங்கமே ஒரு தொகை வைத்திருக்கிறது. 2025 ஜனவரி நிலவரப்படி லண்டனில் 1,483 பவுண்டு. லண்டனுக்கு வெளியே 1,136.

அதாவது ஒரு வாரம் விடாமல் வேலை பார்த்தாலும் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே 78 பவுண்டு உதைக்கிறது. லண்டன் என்றால் 425 பவுண்டு. பீஸ் எங்கே கட்டுவது? கடன் எங்கே அடைப்பது?

இங்கே பேங்க் கணக்கு வேறு ஓடிக்கொண்டிருக்கும். 20 லட்சம் ரூபாய் கடன், நூற்றுக்கு 11 வட்டி என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் மாதம் 18 ஆயிரத்து 300 ரூபாய். படிக்கிற காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி தூங்காது. பத்து வருஷத் தவணை என்றால் மாதம் 27 ஆயிரத்து 500 ரூபாய்க்கு மேல் வரும். அப்பா ரிடையர் ஆகப்போகிற நேரத்தில்!

28 நாள் பணம்

சிக்கலின் ஆணிவேர் வேறு இடத்தில் இருக்கிறது.

இங்கிலாந்து விசாவுக்கு 9 மாதச் செலவுப் பணத்தைக் காட்ட வேண்டும். மேலே சொன்ன கணக்கில் லண்டனுக்கு வெளியே 10,224 பவுண்டு, லண்டனுக்கு 13,347 பவுண்டு. முதல் ஆண்டுப் பீசில் கட்டாத பாக்கியும் சேரும். அந்தப் பணம் பேங்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும்.

இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? வட்டிக்கு வாங்கி 28 நாள் போட்டு வைக்கிறார்கள். விசா வந்ததும் பணம் கொடுத்தவரிடமே திரும்பிப் போகிறது. "பண்டு காட்டுறது" என்று இதற்குப் பெயர். இதை ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லும் ஏஜெண்டுகளும் இருக்கிறார்கள்.

இதன் விளைவு என்ன? 9 மாதம் சாப்பிடப் பணம் இருக்கிறது என்று காகிதம் சொல்கிறது. பையன் விமானத்தை விட்டு இறங்கும்போது பையில் இருப்பது இரண்டு மாத வாடகை! மூன்றாம் மாதம் அவன் 20 மணி நேரத்தோடு எப்படி நிறுத்துவான்?

பிள்ளை விதியை மீறப்போவது இங்கிருந்து கிளம்பும்போதே முடிவாகிவிடுகிறது. "ஒழுங்கா இருடா தம்பி" என்று விமான நிலையத்தில் புத்தி சொல்லிப் பயன் இல்லை.

21-வது மணி நேரம்

சரி, மீறினால் யாருக்குத் தெரியும்?

தெரியும். சம்பளம் முறைப்படி வந்தால் வரிக் கணக்கில் ஏறுகிறது. மாணவரை வேலைக்கு வைப்பவர், கல்லூரி நாட்களின் விவரத்தையும் வாங்கி வைத்திருக்க வேண்டும். அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஓர் ஆளுக்கு 45 ஆயிரம் பவுண்டு வரை அபராதம் என்று 2024 பிப்ரவரியில் இங்கிலாந்து உயர்த்தியது. இரண்டாம் தடவை பிடிபட்டால் 60 ஆயிரம்.

ஆகவே ஒழுங்கான முதலாளி 21-வது மணி நேரத்தைக் கொடுக்கவே மாட்டார். கொடுப்பவர் யார்? கணக்கில் காட்டாமல் கைக்காசாகக் கொடுப்பவர். அவர் சட்டப்படி கூலி தருவாரா? பாதிதான் தருவார். சில சமயம் அதுவும் வராது. "போலீசுக்குப் போயேன் பார்ப்போம்" என்றால் பையன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் மட்டும் இதற்கு ஓரளவு வழி வைத்திருக்கிறார்கள். கூலியில் ஏமாற்றப்பட்ட மாணவர் தொழிலாளர் அதிகாரிகளிடம் புகார் செய்தால், அவர் மணிக்கணக்கை மீறியிருந்தாலும், சில நிபந்தனைகளோடு விசா ரத்தாகாமல் பாதுகாப்பு உண்டு.

காலில் ரேடியோ பட்டை

அமெரிக்காவில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

2011 ஜனவரி 19-ந்தேதி. கலிபோர்னியாவில் ட்ரை வேலி பல்கலைக்கழகத்தில் குடியேற்ற அதிகாரிகள் புகுந்தார்கள். சுமார் 1,500 மாணவர்கள். பெரும்பாலோர் இந்தியர்கள், அதிலும் ஆந்திரத்தைச் சேர்ந்தவர்கள் அதிகம். வகுப்புக்கே போகாமல் நாட்டின் எந்த மூலையிலும் முழு நேர வேலை பார்க்கலாம் என்பதுதான் அந்தப் பல்கலைக்கழகத்தின் கவர்ச்சி. "பயிற்சி வேலை" என்று முதல் நாளே காகிதம் கொடுத்தார்கள்.

மாணவர்களின் விலாசத்தைப் பார்த்த அதிகாரிகள் திகைத்தார்கள். 2010-ல் பட்டியலில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பதாக எழுதியிருந்தது!

மாணவர்கள் சிலரின் காலில் ரேடியோ பட்டை கட்டிக் கண்காணித்தார்கள். இந்திய அரசு கண்டனம் தெரிவித்தது. நிறுவனரான பெண்ணுக்கு 2014-ல் 16 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது. மாணவர்களுக்கு? பணமும் போச்சு, விசாவும் போச்சு.

அதோடு பாடம் படித்தார்களா என்றால் இல்லை. 2019 ஜனவரியில் மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று. வாத்தியாரும் இல்லை, வகுப்பும் இல்லை. அதை நடத்தியதே அமெரிக்க அரசின் துப்பறியும் அதிகாரிகள்தான்! வேலைக்காக மட்டும் விசாவைப் பிடித்துக்கொள்ள நினைத்தவர்களுக்கு வைத்த பொறி. முதலில் கைதான 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள்.

அரசே பொறி வைத்துப் பிள்ளைகளிடம் பீஸ் வாங்கியது நியாயமா என்று அமெரிக்காவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கடன் அதனால் குறைந்துவிடவில்லை.

"அந்நிய நாட்டான் நம்ம பிள்ளைங்களை மட்டும் இப்படிப் பண்றான்" என்று சிலர் கோபப்படுகிறார்கள். பொத்தேரி வரை போய்ப் பாருங்கள். வெளிநாட்டில் இருந்து வந்து படிக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். இந்திய மாணவர் விசாவில் அவர்கள் வாரம் ஒரு மணி நேரம்கூடக் கடையில் வேலை பார்க்க முடியாது!

ஏஜெண்டிடம் கேளுங்கள்

ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். படிப்புக்கு அனுப்புகிறவரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். விசாரிப்பது நம் பொறுப்பு.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை சில. கல்லூரி எந்த ஊரில்? அந்த நாட்டு அரசின் பட்டியலில் இருக்கிறதா? வகுப்பு எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை? உண்மையான லீவு எத்தனை வாரம்? படிப்பு முடிந்தபின் எத்தனை மாதம் தங்கி வேலை தேடலாம்? இங்கிலாந்தில் 2 ஆண்டாக இருந்த இந்தச் சலுகை, 2027 ஜனவரி 1-ந்தேதி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம் என்று அறிவித்திருக்கிறார்கள்.

பதிலை வாயால் வாங்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் சார்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கணக்குப் போடும்போது பார்ட்-டைம் வருமானத்தைச் சைபர் என்று வைத்துப் போடுங்கள். பீசும் முதல் ஆண்டுச் சாப்பாடும் கையில் இருக்கும் பணத்திலும் பேங்க் கடனிலும் அடங்குகிறதா? அடங்கினால் பையன் 20 மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டு படிப்பான். அடங்காவிட்டால் பீஸ் குறைந்த கல்லூரி, பீஸ் வாங்காத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம், அல்லது இங்கே இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போவது என்று வேறு வழி பார்க்கலாம்.

அங்கே போனபின் சந்தேகம் வந்தால் அறை நண்பனைக் கேட்பதைவிட, பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று இருக்கும் அலுவலகத்தைக் கேட்பது நல்லது. காசு வாங்க மாட்டார்கள். தமிழ்நாட்டு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் சென்னையில் இருக்கிறது. பிள்ளை சிக்கலில் மாட்டினால் பெற்றோர் அங்கே மனு கொடுக்கலாம்.