கொலை செஞ்சது கருப்பா, ராஜேந்திரனா?



இந்தப் பகுதியில் சகோதரிகள் பலர் இப்போதைய சீரியல்களைப் பற்றிக் குறைப்பட்டு எழுதுகிறீர்கள். பாலில் விஷம், மாடிப்படியில் எண்ணெய், கொலை செய்தது யார் என்று முதல் காட்சியிலேயே நமக்குத் தெரியும், அந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கு மட்டும் ரெண்டு வருஷம் தெரியாது! எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் நான் எழுத வந்தது ஒரு பழைய தொடரைப் பற்றி. எங்கள் வீட்டில் அது வெறும் பொழுதுபோக்காக முடியவில்லை.

‘மர்மதேசம்’ ஞாபகம் இருக்கிறதா? இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, கே.பாலசந்தரின் ‘மின்பிம்பங்கள்’ தயாரித்தது. முதலில் ‘ரகசியம்’ வந்தது. சித்தர், நவபாஷாண லிங்கம், ராத்திரி கோயிலுக்குள் தங்கினால் சாவு என்று போகும். அடுத்து 1997-98-ல் சன் டி.வி.யில் ‘விடாது கருப்பு’. தோட்டக்காரமங்கலம் என்று ஒரு ஊர். தப்பு செய்கிறவன் செத்துப் போவான். ‘கருப்பு தண்டிச்சிருச்சு’ என்று ஊரே கையெடுத்துக் கும்பிடும். ராத்திரியில் குதிரைக் குளம்புச் சத்தம். படித்த பெண் ரீனா, ‘சாமி எப்படிக் கொலை பண்ணும்?’ என்று துருவிக்கொண்டு வருவாள்.

எங்கள் தெருவில் அப்போது நாலு வீட்டில்தான் கேபிள். அதில் எங்கள் வீடு ஒன்று. வாரத்தில் அந்த ஒரு ராத்திரி ஏழரை மணிக்கே சோற்றை வடித்து இறக்கிவிடுவேன். கூடத்தில் இருபது பேராவது உட்கார்ந்திருப்பார்கள். தொடர் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு ஒரு பஞ்சாயத்து நடக்கும் பாருங்கள், அது தொடரை விட ருசி!

எங்கள் அத்தை, அதாவது மாமியார், முதல் வாரமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “இதுல என்னத்தத் துப்பு துலக்குறது? கருப்பன்தான். நம்ம குலசாமிக்குத் தெரியாததா?” என் வீட்டுக்காரர் சொத்துத் தகராறு என்பார். எதிர்வீட்டு அக்கா ஒவ்வொரு வாரமும் ஒருத்தர் மேல் சந்தேகப்படுவார், அந்த ஆள் அடுத்த வாரம் செத்துப் போவான். அக்கா மேல்தான் எங்களுக்குச் சந்தேகம்!

ஒரு குறையும் எல்லாரும் சொன்னார்கள். கதை ரெண்டு காலத்தில் மாறி மாறி ஓடும். ராஜேந்திரனுடைய சின்ன வயசு ஒரு பக்கம், இப்போது நடப்பது ஒரு பக்கம். “இது இப்ப நடக்குறதா, அப்ப நடந்ததா?” என்று அத்தை கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்கு என்னவோ அதுதான் பிடித்தது. அந்தச் சின்னப் பையன் பயந்து ஒளிந்து ஒளிந்து பார்க்கிறானே, பெரியவர்கள் ஒருத்தராவது ‘என்னடா பார்த்தே?’ என்று கேட்கமாட்டார்களா என்று மனசு அடித்துக்கொள்ளும். கடைசியில் முடிச்சு அங்கேதான் இருந்தது. (பார்க்காதவர்கள் மன்னிக்கணும். இதைச் சொல்லாமல் என் கதையைச் சொல்ல முடியாது.) கருப்பு வேறு யாருமில்லை, ராஜேந்திரன்தான். சின்ன வயசில் பட்ட அடி, மனசு ரெண்டாகப் பிளந்து, தான் செய்வது தனக்கே தெரியாமல் செய்திருக்கிறான். ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. பின்னாலே யோசித்தால் அங்கங்கே நமக்குக் காட்டித்தான் இருந்தார்கள். நாம்தான் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்து மனுஷனை விட்டுவிட்டோம்.

அந்த ராத்திரி எங்கள் கூடத்தில் யாரும் பேசவில்லை. காரணம், தூணோரமாக என் கொழுந்தன் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு அப்போது 23 வயசு. பத்தொன்பதிலிருந்தே சரியாகத் தூங்கமாட்டார். தனியாகச் சிரிப்பார். சுவரைப் பார்த்துப் பதில் சொல்வார். கேட்டால், ‘கருப்பு கூப்பிடுது’ என்பார். வீட்டில் எல்லாரும் சாமி இறங்கியிருக்கிறது என்றார்கள். பூசாரி வந்து விபூதி போட்டார், வேப்பங்குலையால் அடித்தார், எலுமிச்சம்பழம் கட்டினார். உள்ளூர ஒரு பெருமை கூட, ‘நம்ம வம்சத்துக்குச் சாமியாடி வந்துட்டான்’ என்று. மூணு நாள் சாப்பிடாமல் கிடந்தபோது மட்டும், குணசீலம் கோயிலில் 48 நாள் தங்க வைக்கலாமா என்று பேச்சு வந்தது. ஆஸ்பத்திரி என்ற வார்த்தையை ஒருத்தரும் எடுக்கவில்லை. நானும்தான். வந்து அஞ்சு வருஷமான மருமகள், எப்படி எடுப்பேன்?

அத்தை எழுந்து போய் டி.வி.யை அணைத்தார். “கருப்பனைக் கேவலப்படுத்திப்புட்டானுக!” என்றார். கூட்டம் கலைந்தது. நான் பாய் விரித்துக்கொண்டிருந்தபோது கொழுந்தன் மெதுவாகக் கேட்டார், “மதினி... அவன் செஞ்சது அவனுக்கே தெரியலையா? டாக்டருகிட்ட போனா அந்தச் சத்தம் நின்னுருமா?”

அவர் ‘சத்தம்’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் ‘சாமி’ என்றுதான் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் குழாயடியில் வேறு மாதிரித் தீர்ப்பு. “ஏன்க்கா, உங்க வீட்டு ஆளும் ராத்திரி எந்திரிச்சு எங்கயாச்சும் போறாரா? குதிரை கிதிரை ஏறுறாரா?” எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் எங்கள் வாசலில் விளையாட வரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. சாமியாடி என்று இருந்தவரைக்கும் விபூதி வாங்க வந்தவர்கள், ஒரே ராத்திரியில் கொலைகாரனைப் பார்ப்பது மாதிரி ஒதுங்கினார்கள். அவர் ஒரு கோழியைக் கூட அடித்தது கிடையாது.

அடுத்த வாரம், எனக்குத் தீராத தலைவலி, துணைக்குக் கொழுந்தனைக் கூட்டிப் போகிறேன் என்று பொய் சொல்லி மதுரைக்குப் பஸ் ஏறினேன். ஊருக்கு வந்த பிறகுதான் அவரிடம் (வீட்டுக்காரரிடம்) உண்மையைச் சொன்னேன். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை, அது வேறு கதை.

அந்த டாக்டரம்மாவிடம் தொடர் கதையை மூச்சு விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். “இவருக்கு இருக்கறது அது இல்லம்மா. இது மனச்சிதைவு. காதுல குரல் கேக்கும், இல்லாதது நிஜம் மாதிரித் தெரியும். ஒரு உடம்புல ரெண்டு ஆளுங்கறது வேற, ரொம்ப அபூர்வம். ரெண்டுலயும் சினிமால காட்டற மாதிரி யாரும் அருவாளத் தூக்கிட்டு அலையறதில்ல. இவங்கதான் மத்தவங்ககிட்ட அதிகமா அடி வாங்கறாங்க” என்றார்கள். பூசாரியின் வேப்பங்குலை எனக்கு ஞாபகம் வந்தது.

மாத்திரை கொடுத்தார்கள். அத்தை பதினைஞ்சு நாள் அதைத் தெரியாமல் எடுத்துக் கொல்லையில் போட்டார். அவருக்கு மறுபடி அதிகமாகிவிட்டது. அப்புறம் அத்தையே ஒரு வழி கண்டுபிடித்தார். மாத்திரை அட்டையை ராத்திரி முழுக்கக் கருப்பன் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, காலையில் தன் கையாலேயே கொடுப்பார். சாகிறவரைக்கும் கொடுத்தார். நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாத்திரை உள்ளே போகிறதல்லவா, எனக்கு அது போதும்.

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட வழியில்லாமல் கருகிப்போன செய்தியைப் பேப்பரில் படித்தபோது, அத்தை என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. இப்போது சட்டமே இருக்கிறது, 2017-ல் வந்தது, மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று. அந்த 28 பேருக்கு அது வரவில்லை.

சரி, தொடர் நல்லதா கெட்டதா? இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ரெண்டு மனசுதான். அது வராவிட்டால் கொழுந்தன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார், நான் பஸ் ஏறியிருக்கமாட்டேன். ஆனால் அது ஒட்டவைத்த பேரும் போகவில்லை. பெண் கேட்டுப் போன மூணு இடத்திலும், ‘அந்த சீரியல் வியாதியாமே’ என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு வழியாக ஊர் மறந்தது என்று நினைத்தால், 2005-ல் ‘அந்நியன்’, ‘சந்திரமுகி’ என்று அடுத்தடுத்து ரெண்டு படம். அதே குழாயடி, அதே சிரிப்பு. கதை எழுதுகிறவர்களுக்குக் கொலைகாரன் வேண்டும், வாஸ்தவம்தான். ஒவ்வொரு தடவையும் மனசு சரியில்லாதவன்தானா கிடைப்பான்?

2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் காலமான செய்தி வந்த வாரம், என் மருமகள் போனில் யூ டியூபில் ‘விடாது கருப்பு’ இருப்பதைக் காட்டி, டி.வி.யில் போட்டுவிட்டாள். நாலு ராத்திரியாக உட்கார்ந்து பார்த்தோம். “என்ன அத்தை, இவ்வளவு இழுக்குறாங்க!” என்று முதலில் சிரித்தவள், அப்புறம் செல்லைக் கீழே வைத்துவிட்டாள். அவள் பயந்தது கருப்பைப் பார்த்து இல்லை. “இவ்வளவு பெரிய வீட்டுல, அந்தப் பையன்கிட்ட ஒருத்தர் கூட உட்கார்ந்து பேசலையே அத்தை” என்றாள். இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால் என் கூடத்தில் இருந்த இருபது பேரில் ஒருத்தரும் இதைச் சொல்லவில்லை.

கொழுந்தன் மாவு மில்லிலிருந்து ராத்திரி ஒன்பதுக்குத்தான் வருவார். சட்டையெல்லாம் மாவு. கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருக்கிறார். அன்றைக்கும் வந்து, கை கால் கழுவிக்கொண்டு, அதே தூணோரம் உட்கார்ந்தார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. நிறுத்தச் சொல்லலாமா என்று மருமகளைப் பார்த்தேன்.

“போடு போடு” என்றார் அவர். கொஞ்ச நேரம் பார்த்தார். “இந்தக் குதிரைச் சத்தத்தை மட்டும் நல்லாப் போட்டிருக்கான் மதினி” என்று சொல்லிவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

— மதுரை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி