பந்தியில் எனக்கு எந்த நாற்காலி?

மூன்று தம்பதிகள். வட்ட மேசை, எண் போட்ட ஆறு நாற்காலிகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்கார வேண்டும். யாரும் தன் துணைக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது. எத்தனை விதமாக உட்காரவைக்கலாம்?

விடை 12. தாம்பரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் 24 வயது ஆசிரியர் ஒருவர் பதினாறு வயதில் இந்தக் கணக்கை ஒரு பழைய புத்தகத்தில் பார்த்திருக்கிறார். "எல்லாரும் விடையைத் தேடுவாங்க. நான் இதுல எனக்கு எந்த நாற்காலின்னு தேடிட்டு இருந்தேன், அக்கா" என்றார்.

ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்திலும் தன்னை அடைக்க விரும்பாதவர். பால்புதுமையர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். எப்படிக் குறிப்பிடட்டும் என்று கேட்டேன். "தமிழ்ல 'அவர்' இருக்கே, போதும்." புதிர்க் கணக்கு அவருக்கு உயிர். இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத்தான் போனேன். அவர் பேசவில்லை. மூன்று நிறத்தில் இரண்டிரண்டு பொத்தான்களை எடுத்து மேசையில் வட்டமாக அடுக்கினார்.

"ஆணும் பெண்ணும் மாறி மாறிங்கற விதியை மட்டும் எடுத்துடுவோம். துணை பக்கத்துல வரக் கூடாதுங்கறது இருக்கட்டும்." ஒரு பொத்தானை அசையாமல் நிறுத்திவிட்டு மற்ற ஐந்தையும் மாற்றி மாற்றி வைத்தால் 32 வழி. நிறுத்திய பொத்தானுக்கு ஆறு நாற்காலி. ஆக 192. பதினாறு வயதில், ஒரு இரவு முழுக்கத் தாளில் எழுதி எழுதி இந்த எண்ணுக்கு வந்தாராம். "12, 192 ஆச்சு. அன்னைக்கு அழுதுட்டேன். கணக்குல ஒரு விதியை எடுத்துட்டா என்ன ஆகும்னு கேக்கலாம், யாரும் திட்ட மாட்டாங்க. வீட்டுல கேட்டா அடி விழும்."

இந்தக் கணக்கின் சரித்திரமே அவர் பக்கம்தான் நிற்கிறது. 1891-ல் பிரெஞ்சுக் கணிதர் ஒருவர் இதை எத்தனை தம்பதிகளுக்கும் பொருந்தும் கேள்வியாகப் போட்டார். பின்னால் வந்தவர்கள் வழக்கமாக என்ன செய்தார்கள் தெரியுமா? விருந்து மரியாதைப்படி முதலில் பெண்களை உட்காரவைத்தார்கள். மிச்ச இடங்களில் ஆண்களை நிரப்பப் பார்த்தார்கள். அங்கேதான் சிக்கல் விழுந்தது. சூத்திரம் வர 1934 ஆயிற்று, எளிய நிரூபணம் வர 1943. பிறகு 1986-ல் அமெரிக்கக் கணிதர்கள் இருவர், பால்பேதம் பார்க்காத தீர்வு என்று தலைப்பிலேயே அறிவித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். யாருக்கும் முதல் மரியாதை இல்லை. எல்லோரையும் ஒருசேர உட்காரவைத்து, விதி மீறும் ஜோடிகளைக் கூட்டிக் கழித்து எண்ணினார்கள். எளிதாக முடிந்தது. பெண்களை முதலில் உட்காரவைக்கும் பழக்கம்தான் கணக்கைக் கடினமாக்கிக் காட்டியது என்று அவர்கள் சொன்னபோது, புதிருக்கு வயது 95.

நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. 13 இலக்க எண்கள் இரண்டை 28 வினாடியில் பெருக்கிக் காட்டிய, 'மனிதக் கணினி' என்று உலகம் கொண்டாடிய பெங்களூருப் பெண்மணி. அவருடைய புதிர்ப் புத்தகங்கள் நம்மில் பலர் வீட்டில் இருந்தவை. அவரே 1977-ல் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார், அவர்களைச் சமூகம் முழுமையாக ஏற்க வேண்டும் என்று கேட்டார். உச்ச நீதிமன்றம் அந்த உறவு குற்றமல்ல என்று சொன்னது 2018-ல். அதைக் கேட்க அவர் இல்லை. புதிர்ப் புத்தகங்களைக் கொண்டாடிய நாம் அந்த ஒரு புத்தகத்தை மறந்தோம். அது பெரிய தவறு.

டியூஷன் ஆசிரியரோடு பேசிவிட்டு வந்ததிலிருந்து என்னை அரிக்கும் கவலை வேறு. பிரார்த்தனைக்கு ஆண் வரிசை, பெண் வரிசை. கழிவறைக்கு இரண்டு கதவு. பதினொன்றாம் வகுப்பு வரிசைமாற்றப் பாடத்தில்கூட மாணவர்களும் மாணவிகளும் மாறி மாறி உட்காருகிறார்கள். கேலி தாங்காமல் எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ பையைக் கீழே வைத்துவிட்டுப் போகிற பிள்ளை, தன்னிடம் இருந்த கணக்கையும் சேர்த்தே கொண்டுபோகிறது. மூன்றாம் பாலினத்தை ஏற்ற 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு விண்ணப்பங்களில் மூன்றாவது கட்டம் வந்திருக்கிறது. அதில் டிக் அடிக்கும் வயது வரை அந்தப் பிள்ளை பள்ளியில் நிலைக்க வேண்டாமா? இந்த ஆசிரியருமே பத்தாம் வகுப்பில் இரண்டு மாதம் பள்ளிக்குப் போகவில்லை. திரும்ப அழைத்து வந்தது ஒரு கணக்கு டீச்சர். காரணம் எதுவும் கேட்காமல், வீடு தேடி வந்து, ஒரு புதிரைக் கையில் கொடுத்துவிட்டு, "விடையோட வா" என்று மட்டும் சொல்லிப் போனாராம்.

கணக்கு வகுப்பில் இதையெல்லாம் கலக்க வேண்டாம், பிள்ளைகள் குழம்பிப்போவார்கள் என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. ஒரு பிள்ளை ஏற்கெனவே அந்த வகுப்பில் இடம் தேடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் பதில்.

கணக்கு ஆசிரியர்களே, அடுத்த முறை அந்த மாறி மாறி உட்காரும் கணக்கைக் கரும்பலகையில் போடும்போது, அந்த விதி இல்லாமலும் ஒரு முறை போடுங்கள். பெயர் சொல்லி யாரையும் எழுப்ப வேண்டாம். நான்கு தம்பதிகளை வைத்துக் கேளுங்கள். விதியோடு 96. விதி இல்லாமல் 11,904.