ஆடும் காமிராவும் அஞ்சும் மனமும்

6 – 5 = 2. இப்படி ஒரு கணக்கைத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. ஆனால் 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கன்னடத் திரைப்படத்தின் பெயரே இதுதான். நண்பர்கள் ஆறு பேர் மலைக்காட்டில் நடைப்பயணம் போகின்றனர். அவர்களை ஏதோ ஒன்று பின்தொடர்கிறது. அவர்களுடைய காமிரா பிற்பாடு காட்டில் கிடைத்தது என்றும், அதில் பதிவாகியிருந்ததே இப்படம் என்றும் நமக்குச் சொல்லப்படுகிறது.

இவ்வகைப் படங்களுக்கு உலகப் புகழ் தேடித் தந்தது, 1999இல் அமெரிக்காவில் வெளியான ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’. நடிகர்கள் மூவர் காட்டில் திரிந்தபடி தாங்களே காமிராவைப் பிடித்து, எட்டே நாட்களில் எடுத்த படம் இது. மிகச் சிறிய செலவில் தொடங்கிய இப்படம் ஏறத்தாழ 25 கோடி டாலர் வசூலித்தது. வேடிக்கை என்னவென்றால், சூனியக்காரி படத்தில் ஒருமுறைகூடத் தென்படுவதில்லை! பின் எதைக் கண்டு மக்கள் அஞ்சினர்? இதற்கு இயற்பியல் விடை சொல்கிறது.

முதலில் காமிராவின் ஆட்டத்தைப் பார்ப்போம். ஆரணியில் பட்டுத் தறி ஓடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாவுக்கு இடையே பாயும் நாடா, நம் கண்ணுக்கு ஒரு கோடாகவே தெரிகிறது அல்லவா? காமிராவுக்கும் இதே கதிதான். ஒவ்வொரு படத்துக்கும் அது 1/50 வினாடி ஒளியை ஏற்பதாகக் கொள்வோம். பயந்து ஓடுகிறவர் காமிராவை வினாடிக்கு 50 டிகிரி வீதம் பக்கவாட்டில் திருப்பினால், அந்த 1/50 வினாடிக்குள் காட்சி 1 டிகிரி நகர்ந்துவிடும். 100 மீட்டர் தொலைவில் நிற்கும் அரை மீட்டர் அகல மனிதர், நம் பார்வையில் சுமார் 0.3 டிகிரிதான். ஆகவே அவர் தம் அகலத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இழுபட்டு, வெறும் கறையாகப் பதிவாவார். அந்தக் கறை மரமா, மனிதரா என்று யாரால் கூற முடியும்?

அடுத்தது இருட்டு. ஒளி, ஃபோட்டான் என்னும் துகள்களாக வருகிறது. படத்தின் ஒரு புள்ளியில் சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் விழுந்தால், அந்த எண்ணிக்கை 100 அளவுக்குக் கூடிக் குறையும். அதாவது 1 சதவீதம். 100 ஃபோட்டான்களே விழுந்தால் ஏற்றத்தாழ்வு 10. அதாவது 10 சதவீதம்! இருட்டில் எடுத்த படம் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகத் தெரிவது இதனால்தான்.

நம் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி, செல்பேசிக் காமிராவைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் ஒளியைத் திரட்டுகிறது. அதுவும் போதாமல், வானியலாளர்கள் பல நிமிடங்கள் தொடர்ந்து ஒளியைச் சேர்க்கின்றனர். அவர்கள் தேடுவதும் இருட்டைத்தான். ஆனால் போதிய ஒளி சேரும்வரை முடிவு சொல்ல மாட்டார்கள்.

நம் மூளைக்கோ அந்தப் பொறுமை கிடையாது. அரைகுறைத் தகவல் கிடைத்தால், மீதியைத் தானே இட்டு நிரப்பிவிடும். புள்ளிகளுக்கு நடுவே முகத்தைக் காணும், கறையை ஆளாக்கும். மேலும், படம் மங்கலாகவும் ஆட்டத்துடனும் இருப்பதால் ‘இது நடிப்பல்ல, உண்மை’ என்று நம்பிவிடும். இதுவே இப்படங்களின் சூத்திரம்.

திரையரங்கில் இது பொழுதுபோக்கு. வெளியே வந்தால் ஆபத்து. 2018இல் ஒரு காணொளி நம் நாட்டில் வாட்ஸ்அப் வழியாகப் பரவியது. தெருக் காமிராவில் பதிவானதுபோல், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் ஒரு சிறுவனைத் தூக்கிச் செல்வது அதில் தெரிந்தது. உண்மையில் அது கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டிருந்தனர்.

அதே ஆண்டு மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாக நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் செல்பேசிகளில் வதந்தி பரவியது. சென்னையிலிருந்து கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பத்தினர், போளூர் அருகே அத்திமூரில் வழி கேட்டனர். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். அவர்களைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று எண்ணிய கூட்டம் தாக்கியது. ஒரு மூதாட்டி இறந்தார். பயணிகளைத் துரத்திய அந்தப் பேய், வதந்தியே.

நண்பர்களே, இன்று மாலை ஒரு சோதனை செய்யுங்கள். ஒளி மங்கியபின், 100 மீட்டர் தள்ளி ஒரு தோழரை நிற்கச் சொல்லுங்கள். காமிராவை வேகமாகத் திருப்பியபடி அவரைப் படமெடுங்கள். மறுநாள் அதை வகுப்பில் காட்டி, ‘இது யார்?’ என்று மட்டும் கேளுங்கள். வரும் விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்களுக்கு ஒரு ‘பயங்கரக் காணொளி’ வந்தால், மற்றவர்க்கு அனுப்புமுன் அந்தக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். எடுத்தவர் யார்? இதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது? இக்கேள்விகளுக்கு விடை கிடைக்கும்வரை, காவலூர் வானியலாளரைப்போல் நாமும் காத்திருப்போம்.