இலையைத் திருப்பிப் பாருங்கள்

கார்த்திகை மழை நாலு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலை. காம்பவுண்டுச் சுவரில் படர்ந்திருந்த காகிதப்பூக் கொடியைப் பார்த்ததும் திக்கென்றது. இலையெல்லாம் பழுப்புப் புள்ளி. பாதி உதிர்ந்து தரையில் கிடந்தது. நர்சரியில் செல்போன் படத்தைக் காட்டினேன். "பூஞ்சைதான் சார், இதை அடிங்க" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார்கள். அடித்தேன். இரண்டு வாரம் ஆகியும் புதுத்துளிர்களில் புள்ளி வந்துகொண்டே இருந்தது. அப்புறம்தான் ஓர் இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

காகிதப்பூவில் செர்க்கோஸ்போரா வகைப் பூஞ்சை உண்டாக்கும் புள்ளிக்கு ஒரு முகம் உண்டு. கிட்டத்தட்ட வட்டமாக இருக்கும். நடுவில் வெளிறிய பழுப்பு, ஓரத்தில் அடர்ந்த செம்பழுப்புக் கோடு. பெரும்பாலும் அடியிலுள்ள முற்றிய இலைகளில் தொடங்கி மேலேறும். இலையைத் திருப்பிப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், புள்ளியின் மேல் கரும்புகை படிந்ததுபோல் பொடிப்பொடியாகத் தெரியும். அவைதான் வித்துகளைத் தாங்கும் இழைகள்.

என் கொடியில் அது இல்லை. புள்ளிகள் நரம்புகளுக்கு இடையே அடைபட்டுக் கோணல்மாணலாக இருந்தன. வெளிச்சத்தில் அவற்றின் ஓரம் எண்ணெய் பட்ட காகிதம்போலப் பளபளத்தது. துளிர் இலைகள் சுருங்கி நெளிந்திருந்தன. இது பாக்டீரியா செய்யும் வேலை. மேன்கோசெப் போன்ற பூஞ்சைக்கொல்லி இதை ஒன்றும் செய்யாது. புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் பூஞ்சை என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். நம்பாதீர்கள். மஞ்சள் வளையம் இரண்டிலுமே வரும்.

சந்தேகம் தீராவிட்டால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஈரமான டிஷ்யூ பேப்பரை விரித்து, புதிதாகப் புள்ளி வந்த இரண்டு இலைகளை அடிப்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் திறந்து பாருங்கள். புள்ளியின் மேலேயே சாம்பல் நிறப் பஞ்சோ, இளஞ்சிவப்புப் பசையோ தோன்றினால் பூஞ்சையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காய்ந்து செத்த இலையை வைக்காதீர்கள். அதில் கண்ட பூசணமும் முளைத்து உங்களை ஏமாற்றும்.

முல்லை, மல்லிகைப் பந்தலிலும் மழைக்காலத்தில் செர்க்கோஸ்போரா வரும். இலையின் மேற்புறத்தில் செம்பழுப்பு வட்டங்கள் தெரியும், முற்றினால் இளங்கிளைகளே காயும். புள்ளிக்குள் வட்டத்துக்குள் வட்டமாக அம்பெய்யும் இலக்குப் பலகைபோல் இருந்தால் ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையைச் சந்தேகிக்கலாம்.

மணிப்பிளான்ட் தனிக்கதை. அதன் இலை பழுப்பதற்குப் பெரும்பாலும் நாம்தான் காரணம். நிழலில் வளர்த்ததைத் திடீரென்று மொட்டைமாடி வெயிலில் வைத்தால், வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளுத்துத் தீயும். உப்புப் போர்த் தண்ணீர் ஊற்றினால் நுனியும் ஓரமும் கருகும். இரண்டும் இலைக்கு இலை பரவாது. நோய்ப் புள்ளி பரவும். நாலைந்து நாள் இடைவெளியில் அதே இலையை இரண்டு முறை படமெடுத்து ஒப்பிட்டாலே விஷயம் விளங்கிவிடும்.

பூஞ்சைதான் என்று உறுதியானாலும் முதல் மருந்து கத்தரிக்கோல்தான். புள்ளி விழுந்த இலைகளை வெட்டி, உதிர்ந்ததையும் கூட்டி அப்புறப்படுத்துங்கள். அடுத்த மழைக்கான வித்து அங்கேதான் இருக்கிறது. அடர்ந்த கொடியைக் கழித்துக் காற்றோட்டம் கொடுங்கள். வித்து முளைக்க இலை பல மணி நேரம் நனைந்திருக்க வேண்டும். அதனால் மாலையில் இலைமேல் தண்ணீர் பீய்ச்சும் பழக்கத்தை விட்டு, காலையில் வேரில் ஊற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டருக்கு 2 கிராம் மேன்கோசெப். பழைய புள்ளி மறையாது. புது இலை சுத்தமாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது போட்டோ போதாது. பாதிப்பு தொடங்கிய இலை ஒன்று, முற்றியது ஒன்று என்று கிள்ளிச் செய்தித்தாளில் மடித்து எடுத்துப் போங்கள். பாலிதீன் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும்.