வெக்கைக் காலக் கோழிக்குக் கனியுப்பு: எதற்கு, எவ்வளவு?

மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் தம்புள்ளைப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், நாலந்தாவை நெருங்கும்போதே மலைக்குளிர் விட்டுப்போகும். பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் நிற்கும் கோழி அலகைத் திறந்து, சிறகை அகட்டி மூச்சிரைக்கும். அந்த நேரத்தில் அதன் நோய் எதிர்ப்பாற்றலும் தளர்கிறது. வளர்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத இந்த இழப்புத்தான் பிறகு நோயாக வந்து நிற்கிறது.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பநிலை இயல்பிலேயே 41 பாகை செல்சியசை ஒட்டியது. சூட்டைத் தணிக்க மூச்சிரைக்கையில் காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது. முட்டை ஓடு மெலிகிறது. கோர்ட்டிகோஸ்டிரோன் என்னும் ஓமோன் பெருகுகிறது. வெக்கை நீடித்தால், நோய் எதிர்ப்புக் கலங்கள் பக்குவப்படும் தைமஸ், பேர்சா ஆகிய உறுப்புகளும் மண்ணீரலும் சிறுக்கின்றன. ரானிக்கெட் தடுப்பூசி போட்டாலும் பிறபொருளெதிரி போதிய அளவு உருவாகாமல் போகலாம். போதாக்குறைக்குக் கோழி தீனைக் குறைத்துவிடுவதால் உடலுக்குச் சேரும் கனியுப்பும் குறைகிறது. கழிவோடு போவதோ கூடுகிறது.

இந்த இழப்பை ஈடுகட்டத்தான் தீனில் கனியுப்பு சேர்க்கிறார்கள். நோயை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் தைமஸில் முதிர்வதற்கு நாகம், அதாவது துத்தநாகம், வேண்டும். வெப்பத்தால் பெருகும் ஒட்சியேற்றக் கேட்டிலிருந்து கலங்களைக் காக்கும் குளுதாதயோன் பெரொக்சிடேசு நொதியத்துக்குச் செலெனியம் அடிப்படை.

2003இல் அமெரிக்காவில் பார்ட்லெட், ஸ்மித் இருவரும் வெப்பத்துக்கு ஆளான இறைச்சிக் கோழிகளுக்கு நாகத்தை வெவ்வேறு அளவுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதல் நாகம் நோய் எதிர்ப்பாற்றலுக்குத் துணை நின்றது. ஆனால் வெப்பத்தால் குறைந்த எடையை அது மீட்டுத் தரவில்லை. கனியுப்பிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை இந்த முடிவு தெளிவாக்குகிறது.

அளவு இங்கே உயிர்நாடி. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1994இல் வகுத்தபடி, இறைச்சிக் கோழியின் ஒரு கிலோ தீனில் 40 மில்லிகிராம் நாகமும் 0.15 மில்லிகிராம் செலெனியமும் இருக்க வேண்டும். ஆயிரம் கிலோ தீனுக்குச் செலெனியம் 150 மில்லிகிராம்தான்! இதைக் கையால் அள்ளிப் போட்டுக் கலக்க முடியாது. கூடினால் செலெனியம் நஞ்சாகும். ஆகவே அளந்து தயாரித்த கலவையை மட்டுமே, அரச கால்நடை வைத்தியரைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். கம்பனித் தீனில் கனியுப்பு ஏற்கெனவே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

அதற்கும் முன்னே செய்ய வேண்டியவை கைச்செலவு அதிகம் இல்லாதவை. தகரத்தின் மேல் கிடுகு போடலாம். தண்ணீர்க் குழாயையும் தாங்கியையும் நிழலுக்கு மாற்றலாம். தின்ற தீன் செரிக்கும்போதும் உடம்பில் சூடு பிறக்கும். அதனால் தீனை விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும் வைத்து, உச்சி வெயிலில் நிறுத்தலாம். தடுப்பூசியைக் காலைக் குளிரிலேயே போட்டுவிடலாம். நிழலும் குளிர்ந்த நீரும் கிடைத்த கோழிக்குத்தான் கனியுப்பு முழுப் பயன் தரும். வெந்துகொண்டிருக்கும் கொட்டிலில் பொதியைப் பிரித்துக் கொட்டுவது, வளர்ப்பவரின் காசைக் கரைப்பதோடு முடிந்துவிடும்.