நிரலேற்றத்தக்க தீப்பொறிப் பகிர்வி

நிரலேற்றத்தக்க தீப்பொறிப் பகிர்வி என்பது, பழைய பெட்ரோல் தானுந்துகளில் உள்ள இயந்திர வகைப் பகிர்வியை நீக்கிவிட்டு அதே இடத்தில் பொருத்தப்படும் மின்னணுக் கருவி ஆகும். தமிழகப் பட்டறைகளில் பகிர்வி, டிஸ்ட்ரிபியூட்டர் என்றே வழங்கப்படுகிறது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. தீப்பொறி எக்கணத்தில் எழ வேண்டும் என்பதைப் பழையதில் எடைகளும் சுருள்விற்களும் முடிவு செய்கின்றன. புதியதில் ஓர் எண் அட்டவணை முடிவு செய்கிறது. அம்பாசடர் காரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

பழைய முறை

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இந்துசுத்தான் மோட்டார்சு நிறுவனம் 1950-களின் இறுதி முதல் 2014 வரை அம்பாசடரைத் தயாரித்தது. பல்லாண்டுகள் இதில் இருந்தது 1489 கன செ.மீ. கொள்ளளவுள்ள, பிரித்தானிய வடிவமைப்பைக் கொண்ட நான்கு உருளை எஞ்சின். இதன் பகிர்வியில் 'பாயின்ட்' எனப்படும் தொடுமுனைகள் உண்டு. இவை மூடியிருக்கையில் மின்சுருளில் மின்னோட்டம் பாய்கிறது. திறந்தவுடன் அவ்வோட்டம் அறுபட்டு, பல்லாயிரம் வோல்ட்டு அழுத்தம் உருவாகிறது. சுழலி அதனை 1-3-4-2 என்ற வரிசையில் உருளைகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. தொடுமுனைகளின் இடைவெளி ஏறத்தாழ 0.35 முதல் 0.40 மி.மீ. மட்டுமே. தேய்மானத்தால் இது மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அடிக்கடி சரிசெய்ய வேண்டும்.

முன்நகர்வு ஏன் தேவை?

தாயில்பட்டி, சிவகாசி வட்டாரத்துப் பட்டாசுகளை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். திரியைப் பற்ற வைத்தவுடன் வெடி வெடிப்பதில்லை. திரி எரிய நேரம் பிடிக்கிறது. உருளைக்குள்ளும் அவ்வாறே. பெட்ரோல் கலவை முழுதும் எரியச் சில மில்லி நொடிகள் தேவை. அழுத்தம் உச்சமடையும் வேளையில் பிசுட்டன் மேல்முனையைச் சற்றே கடந்திருக்க வேண்டும். ஆகவே அது மேல்முனையை எட்டும் முன்பே தீப்பொறி எழ வேண்டும்.

நிமிடத்திற்கு 1000 சுற்று வேகத்தில் கிராங்கு தண்டு ஒரு மில்லி நொடியில் 6 பாகை திரும்புகிறது. 3000 சுற்றில் 18 பாகை. எனவே வேகம் கூடக்கூடத் தீப்பொறியும் முந்த வேண்டும். ஆனால் வேகம் கூடும்போது கலவையின் கொந்தளிப்பும் கூடி எரிதல் விரைவுபடுவதால், தேவைப்படும் முன்நகர்வு நேர்விகிதத்தில் உயர்ந்துகொண்டே போவதில்லை. ஒரு கட்டத்தில் தட்டையாகிறது. இரண்டு விற்களைக் கொண்டு இவ்வளைவை இரண்டு நேர்க்கோடுகளாகத் தோராயமாக வரையத்தான் பழைய பகிர்வியால் இயலும். எஞ்சினின் சுமைக்கேற்ற திருத்தத்தைக் கார்புரேட்டரின் வெற்றிடத்தால் இழுபடும் ஒரு சவ்வு செய்கிறது. முப்பது, நாற்பது ஆண்டுகளில் விற்கள் தளர்கின்றன, சவ்வு கிழிகிறது, தண்டின் புசு தேய்ந்து தண்டு ஆடுகிறது.

புதிய முறை

இங்கு தொடுமுனைகளுக்குப் பதிலாக, தண்டின் நிலையை ஒரு காந்த உணரி அறிகிறது. நுண்கட்டுப்படுத்தி வேகத்தையும் உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தத்தையும் பார்த்து, அட்டவணையில் உள்ள பாகையில் மின்சுருளின் ஓட்டத்தை அறுக்கிறது. நெதர்லாந்தின் 123 இக்னிசன் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. அதன் சில வகைகளில் கணினி அல்லது கைப்பேசி வழியாக வளைவை மாற்றலாம்.

மாற்றம் செய்யப்படாத எஞ்சினில் கிடைக்கும் நன்மையின் பெரும்பகுதி, தேய்ந்த பகிர்வியை நீக்கியதால் வருவதே. செவ்வனே புதுப்பிக்கப்பட்ட பழைய பகிர்வியும் அதில் பெரும்பாலானதைத் தரும் எனலாம்.

பாகைக் குழப்பம்

பெருஞ்சேதம் விளைவிக்கக்கூடிய பிழை இங்குதான் நேர்கிறது. பகிர்வி, கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்கிறது. பழைய கையேடுகள் பல பகிர்விப் பாகையில் எண்களைத் தருகின்றன. மென்பொருள் பெரும்பாலும் கிராங்குப் பாகையைக் கேட்கிறது. கையேட்டில் 1000 சுற்றுக்கு 10 பாகை எனப் பகிர்வி அளவில் இருந்தால், அது கிராங்கு அளவில் 2000 சுற்றுக்கு 20 பாகை ஆகும். ஏற்கெனவே கிராங்கு அளவில் உள்ள எண்ணை மீண்டும் இரட்டித்தால் தீப்பொறி மிக முந்தி, 'நாக்கிங்' எனும் தட்டலொலி எழும். தொடர்ந்து ஓட்டினால் பிசுட்டனில் துளையே விழலாம். பாதியாகக் கொடுத்தால் எரிபொருள் வீணாகும், புகைபோக்கி சூடேறும். நிலையான தொடக்க முன்நகர்வு இக்கணக்கில் சேர்ந்ததா, தனியா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெப்பமான காற்று தட்டலைத் தூண்டும். ஐரோப்பியக் குளிருக்கு வகுத்த வளைவை விருதுநகர் மாவட்டத்துக் கோடையில் ஓரிரு பாகை குறைத்தே தொடங்குதல் நன்று. எத்தனால் கலந்த பெட்ரோல் தட்டலை எதிர்க்கும் என்றாலும், பழைய கார்புரேட்டரில் கலவையை நலிவாக்கும். அதற்குச் செட்டை மாற்ற வேண்டுமேயன்றி அட்டவணையை அன்று.

பொருத்துதல்

பழைய பிரித்தானிய வண்டிகள் சிலவற்றில் மின்கலத்தின் நேர்முனை தரையிணைப்பாக உள்ளது. அதைக் கவனியாமல் இணைத்தால் மின்னணுப் பகுதி எரிந்துவிடக்கூடும். இரைச்சல் தடுப்புள்ள பிளக்குக் கம்பிகளும், தயாரிப்பாளர் குறிப்பிடும் மின்தடையுள்ள மின்சுருளும் தேவை. நெடும்பயணத்தில் பழைய பகிர்வியைப் பின்பெட்டியில் வைத்திருப்போரும் உண்டு.

தொடுமுனைகள் நீங்கினாலும், மூடிக்குள் சுழலியிலிருந்து முனைகளுக்குப் பொறி தாவவே செய்கிறது. ஆகவே இதனைத் தீப்பொறியற்ற கருவி எனக் கருதி, பெட்ரோல் ஆவியோ வெடிமருந்துத் தூளோ உள்ள இடத்தில் எஞ்சினை இயக்கலாகாது.