இரு கைகளுக்கும் ஒரே நாளில் அறுவை சிகிச்சையா?

மாணவர்களே, உங்கள் அம்மா நடு இரவில் எழுந்து கைகளை உதறுகிறாரா? கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போய், சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருக்கிறதா? அது ‘கார்ப்பல் டனல்’ கோளாறாக இருக்கலாம்.

மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் வளைவாக அமைந்துள்ளன. அவற்றின்மேல் இணைப்புநார் ஒன்று கூரைபோல் மூடியிருக்கிறது. இடையிலுள்ள குறுகிய பாதையில் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. உள்ளே வீக்கம் ஏற்பட்டால் நரம்பு நசுங்கும். சுண்டுவிரலின் நரம்பு அந்த வழியே போவதில்லை. அதனால் அது தப்பிக்கிறது.

இரவில் மணிக்கட்டுப் பட்டை அணிந்தும், ஊசி போட்டும் குணமாகாவிட்டால், அறுவை சிகிச்சையில் அந்தக் கூரையை வெட்டி நரம்புக்கு இடம் தருவார்கள். பலருக்கு இரு கைகளிலும் இக்கோளாறு வருவதால் ஒரு கேள்வி எழுகிறது: ஒரே நாளிலா, தனித்தனியாகவா?

மேருவில் மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலைக்குச் செல்லும் ஓர் அம்மாவை எண்ணிப் பாருங்கள். ஒரே நாளில் செய்தால் விடுப்பு ஒரு முறைதான். ஆனால், தையல் பிரிக்கும்வரை, ஏறத்தாழ 10 முதல் 14 நாள், இரு கைகளும் நனையக்கூடாது. குளியல், சமையல், கழிவறை எல்லாமே சிரமம். தனித்தனியாகச் செய்தால் ஒரு கை உதவும்; ஆனால், காத்திருக்கும் கையின் நரம்பு மேலும் பாதிக்கப்படலாம். கட்டைவிரலடிச் சதை மெலிந்திருந்தால் தள்ளிப்போடுவது நல்லதல்ல.

நரம்பின் நிலையை மருத்துவர் சொல்வார். முதல் வாரம் யார் துணையிருப்பார் என்பதை வீட்டார்தான் சொல்ல வேண்டும். அந்தத் துணை நீங்களாகவும் இருக்கலாம்.